மூடுபனிக்கு மூன்று பாட்டில்

சின்னப் பிள்ளைகளுக்கு மூடுபனியை விளக்க ஒரு செய்முறை வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பாட்டிலைத்தான் காட்டுவார்கள். கண்ணாடி பாட்டிலில் வெந்நீர், அதன் வாயில் ஒரு தட்டு ஐஸ், நடுவில் கொஞ்சம் ஊதுபத்திப் புகை. சில நொடிகளில் உள்ளே வெள்ளை வெளேரென்று மூட்டம் போடும். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "உள்ள என்ன தெரியுது?" என்று கேட்டுப் பாருங்கள். "புகை" என்றுதான் பதில் வரும். அதைத் தப்பென்று சொல்ல நமக்கு வழியே இல்லை. அதன் கண்ணெதிரில்தானே புகையை உள்ளே விட்டோம்?

மூடுபனி தண்ணீர். புகைக்கு அதில் ஒரு சின்ன வேலை உண்டு, ஆனால் வெள்ளையாகத் தெரிவது தண்ணீர்தான். பிள்ளை இதைத் தானே கண்டுகொள்ள ஒரு பாட்டில் போதாது, மூன்று வேண்டும். அந்த மூன்று பாட்டில்களையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் செய்த சில வேலைகளையும் பற்றியது இந்தப் பதிவு.

இடம் கொடைக்கானல். எங்கள் தெருப் படிப்பகத்தில் சனிக்கிழமை மதியம் கூடும் பிள்ளைகளோடு செய்தது. யூகேஜி முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள், மேகத்துக்குள்ளேயே நடந்து பள்ளிக்கூடம் போய்வருகிறவர்கள். சுற்றுலா வந்தவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் மூட்டம் இவர்களுக்கு ஸ்வெட்டர் பொத்தானைப் போட வேண்டிய நேரம், அவ்வளவுதான். தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் எல்லாரிடமும் ஒரு முடிவான பதில் தயாராக இருந்தது. "மூட்டம் எங்கேருந்து வருது?" என்று கேட்டேன்.

"வானத்துலேருந்து இறங்குதுக்கா" என்றான் ஒருவன்.

"காட்டுல தீ வெச்சா வரும்."

"இல்லக்கா, டேம் பக்கத்துலேருந்து மேல ஏறி வருது" என்றாள் இரண்டாம் வகுப்புப் பாப்பா. அவள் வீடு கோக்கர்ஸ் வாக் பக்கம். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து கீழே வைகை அணை தெரியும்.

மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன். சரி, தப்பு எதுவும் சொல்லவில்லை.

தெரியாத தண்ணீர்

கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் காற்றில் இருக்கிறது என்று பிள்ளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் பாட்டிலைத் தொடுவதில் பிரயோஜனம் இல்லை.

எவர்சில்வர் தம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தோம். வெளிப்புறம் மங்கி, பிறகு முத்து முத்தாக வியர்த்தது. "தம்ளர் ஓட்டைக்கா" என்றார்கள். நியாயமான சந்தேகம், அதைச் சோதிக்கத்தான் வேண்டும். இன்னொரு தம்ளரில் மஞ்சள்தூள் கரைத்த ஐஸ் தண்ணீரை ஊற்றி, வெளியே பூத்த துளிகளை வெள்ளைப் பஞ்சால் துடைக்கச் சொன்னேன். பஞ்சு நனைந்தது, ஆனால் மஞ்சளாகவில்லை. அந்தப் பஞ்சு கைமாறிக் கைமாறிப் போனது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருத்தி அதே பஞ்சைத் தம்ளருக்குள் முக்கி, "உள்ள இருந்து வந்திருந்தா இப்படி ஆகியிருக்கும்" என்று மஞ்சளாக்கிக் காட்டினாள். அப்படிச் செய்யச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இனி எப்போதும் அதையும் சேர்த்துச் செய்வேன்.

அடுத்தது கெட்டில். பின்னால் கறுப்புச் சார்ட் பேப்பரை நிறுத்தி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். பார்க்க வேண்டிய இடம் மூக்கின் நுனி. ஆவி நன்றாகப் பீறிடும்போது, மூக்குக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு விரற்கடை அகலத்துக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு வெற்றிடம் தெரியும். உண்மையான நீராவி அங்கேதான் இருக்கிறது, அதற்கு நிறம் கிடையாது. அதைத் தாண்டிக் குளிர்ந்த காற்றில் பட்டதும் பொடிப்பொடித் துளியாகி வெள்ளையாகத் தெரிகிறது. நாம் ஆவி என்று கைகாட்டுவது அந்தத் துளிகளை. பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கையைச் சுட்டுத் தோலை உரிப்பது அந்த ஒன்றும் தெரியாத இடம்தான். கெட்டில் பெரியவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும்.

பிறகு அளவைக் காட்டினோம். பழைய செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டிக் கோலாக்கி, நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் இருக்கும்படி ஒரு கூண்டு கட்டினோம். யூகேஜிப் பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அந்தக் கூண்டளவு காற்று 30 டிகிரி சூட்டில் இருந்தால் அதில் அதிகம் போனால் 30 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கலாம். 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம்தான். இந்த எண்களைப் பிள்ளைகளிடம் வாயால் சொல்லிப் பயனில்லை. இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி மூடியை எடுத்துக்கொண்டோம். ஒரு கப்பில் 30 மில்லி தண்ணீர். "இது மத்தியானப் பெரியகுளத்துக் காத்து. இந்த மூடி ராத்திரிக் கொடைக்கானல் காத்து. கப்புத் தண்ணியை மூடில ஊத்துங்க." வழிந்து தட்டில் கொட்டியது. வழிந்த தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டதும், "புல்லு மேல", "கண்ணாடி மேல", "எங்கப்பா ஜீப் மேல" என்று பதில் வந்தது. தங்க இடம் எதுவும் பக்கத்தில் இல்லையென்றால் காற்றிலேயே துளியாக நிற்கும், அதுதான் மூட்டம் என்றேன்.

காற்று ஒன்றும் தண்ணீரை ஏந்தி வைத்திருக்கும் பாத்திரம் இல்லை, எவ்வளவு நீர் ஆவியாக இருக்கலாம் என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. இந்தத் திருத்தத்தை மேல் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். ஆறு வயதுக்கு, குளிர்ந்தால் வழியும் என்பது போதும்.

பாட்டில் வேலை

அகலவாய் ஊறுகாய் பாட்டில் மூன்று, ஒரே அளவில், பூவேலை எதுவும் இல்லாதது. லேபிளை ஊறவைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும், பசைத் தடம் இருந்தால் டார்ச் வெளிச்சத்தில் அது மட்டும்தான் தெரியும். ஊறுகாய் பாட்டில் அடி தடிமனான கண்ணாடி. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விரிசல் விடும், குளிர்ந்த சிமெண்ட் மேடையில் வைத்திருந்தால் நிச்சயம் விடும். ஆகவே மடித்த துண்டின் மேல் வைத்து, முதலில் வெதுவெதுப்பான தண்ணீரால் அலசி, அதன் பிறகு கொதித்து ஆறி 70 டிகிரி அளவுக்கு இறங்கிய தண்ணீரை இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றினால் போதும்.

மேலே தட்டு வைப்பதைவிடக் கிண்ணம் வைப்பது நல்லது. பாட்டில் வாயில் பாதி இறங்கி உட்காரும் எவர்சில்வர் கிண்ணமாகப் பாருங்கள். குளிர்ந்த அடிப்பாகம் உள்ளே இருக்கும், பக்கத்தில் இடைவெளியும் இருக்காது. ஐஸை உடைத்துப் போட்டு ஒரு கைப்பிடி கல்லுப்பு தூவினால் இன்னும் குளிரும்.

இன்னொரு சிக்கல், பாட்டிலின் சுவரே வியர்த்து மங்கிவிடும். உள்ளே நடப்பது தெரியாமல், சுவரில் இருப்பதையே மூட்டம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பாத்திரம் விளக்கும் திரவ சோப்பை ஒரு சொட்டு எடுத்து, பாட்டிலின் உள்சுவரில் மெல்லிசாகத் தடவி, காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். சுவரில் படியும் தண்ணீர் முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவிவிடும். கண்ணாடி வெகுநேரம் தெளிவாக இருக்கும்.

பின்னால் கறுப்புச் சார்ட். டார்ச்சை முன்னாலிருந்து அடிக்காதீர்கள். பாட்டிலுக்குப் பின்பக்கம் ஓரமாக வைத்து, வெளிச்சம் பிள்ளைகள் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து வரும்படி, ஆனால் கண்ணில் நேராகப் படாதபடி வைக்க வேண்டும். துளிகள் தம்மேல் படும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை முன்னோக்கித்தான் சிதறடிக்கும். இந்தக் கோணத்தில் மெல்லிய மூட்டம்கூடப் பளிச்சென்று தெரியும்.

இனி வரிசை. புகை பாட்டில்தான் முதலில் வர வேண்டும்.

முதல் பாட்டில் நன்றாகக் காய்ந்தது. தண்ணீரே கிடையாது. ஊதுபத்தியை உள்ளே நீட்டி, பிள்ளைகள் ஐந்து வரை எண்ணியதும் வெளியே எடுத்து, ஐஸ் கிண்ணத்தால் மூடினோம். உள்ளே என்ன என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும்: புகை. அதன் நிறத்தைக் கவனிக்கச் சொன்னேன். கறுப்புப் பின்னணியில் அது இளநீலமாக இழை இழையாகத் தெரிந்தது.

இரண்டாவதில் வெந்நீர், ஐஸ், புகை மட்டும் இல்லை. சுவரில் தண்ணீர் வழிந்தது, கிண்ணத்தின் அடியிலிருந்து துளி சொட்டியது, நடுவில் இருந்த காற்றில் மட்டும் மிக மெல்லிய மங்கல். முழுக்கத் தெளிவாக இருக்கும் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அறைக் காற்றிலும் தூசு உண்டு, அதனால் கொஞ்சம் மங்கத்தான் செய்யும்.

மூன்றாவதில் வெந்நீர், ஐந்து எண்ணும் அளவு புகை, ஐஸ் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் வெள்ளை திரண்டு, சுருண்டு சுருண்டு கீழே இறங்கி, வெந்நீரின் மேல் பட்டு மறுபடி மேலே ஏறியது. பிள்ளைகள் சத்தமே போடவில்லை. பிறகு மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் பாட்டிலையும் மூன்றாவதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "புகை நீலம்க்கா, இது வெள்ளை. வேற வேற" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மூன்று பாட்டில். ஊதுபத்திப் புகையின் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. அதனால் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன. மூட்டத்தின் துளி அதைவிடப் பல மடங்கு பெரியது. பத்து, இருபது மைக்ரான் இருக்கும், தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அளவுத் துளி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. இரண்டு பாட்டிலிலும் ஒரே அளவு புகைதான் விட்டோம் என்பதை ஐந்து வரை எண்ணிய பிள்ளைகளே சாட்சி சொன்னார்கள்.

சந்தேகம் மிச்சம் வைக்காமல் இன்னொன்றும் செய்தோம். மூன்றாவது பாட்டிலின் ஐஸ் கிண்ணத்தை எடுத்துவிட்டு வெந்நீர் ஊற்றிய கிண்ணத்தை வைத்தோம். வெள்ளை மெலிந்து மெலிந்து போனது, நீலம் மட்டும் நின்றது. வெயில் ஏறினால் மூட்டம் எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும். அது எங்கும் நகர்ந்து போவதில்லை, இருந்த இடத்திலேயே தெரியாத தண்ணீராகிவிடுகிறது.

புகைக்கு என்ன வேலை? ஆவி துளியாக மாறத் தொற்றிக்கொள்ள ஒரு பிடி வேண்டும். தம்ளரில் அந்தப் பிடி தம்ளரின் சுவர். காற்றில் அது தூசு, புகைத்துகள், கடலிலிருந்து வரும் உப்புப் பொடி. பிரான்ஸில் கூலியே என்பவர் 1875இல் இதைக் கண்டார். 1880இல் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் இரண்டு கண்ணாடிக் கலங்களை எடுத்து, ஒன்றில் சாதாரணக் காற்றையும் மற்றதில் பஞ்சு வழியாக வடிகட்டிய காற்றையும் நிரப்பி, இரண்டிலும் நீராவியை விட்டார். சாதாரணக் காற்று இருந்த கலம் வெள்ளையாக நிரம்பியது, வடிகட்டிய காற்று இருந்தது தெளிவாகவே நின்றது. ஏறக்குறைய நம் மூன்றாவது பாட்டிலும் இரண்டாவது பாட்டிலும்தான்.

சமவெளியில் இருக்கிற பெற்றோருக்கு இது நன்றாகத் தெரிந்த காட்சி. தை பிறக்கும் முந்தின நாள் விடியற்காலை ஈரமும் குளிரும் ஏற்கெனவே காற்றில் இருக்கும். போகிப் புகை சேர்ந்ததும் எதிர்வீடு தெரியாது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தடுமாறியது அதனால்தான். "காட்டுல தீ வெச்சா வரும்" என்று சொன்ன பிள்ளைக்குக் கரும்பலகையில் பாதி மார்க் போட்டோம்.

அமுக்கினால் போகும், விட்டால் வரும்

இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. கொடைக்கானல் மூட்டத்துக்கு மூன்று பாட்டில்களைவிட இதுவே நெருங்கிய விளக்கம்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், மெல்லிய பிளாஸ்டிக்காக. உள்ளே ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுக் குலுக்க வேண்டும். தீக்குச்சியைப் பற்றவைத்து ஊதி அணைத்து, எழும் புகையைப் பாட்டில் வாய்க்குள் போக விட்டு, இறுக்கி மூட வேண்டும். இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். பிறகு பாட்டிலைப் பிள்ளை கையில் கொடுத்துவிடலாம். இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து, சட்டென்று விட்டால் உள்ளே மூட்டம். மறுபடி அமுக்கினால் தெளிவு. விட்டால் மூட்டம். சின்னக் கைகளுக்கு அமுக்கும் வலு போதாது. ஒரு பாட்டிலை இரண்டு பேர் கட்டிக்கொண்டு அமுக்கினார்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்தது.

கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு மறுபடி செய்து பாருங்கள், மூட்டம் மெலிந்திருக்கும். துளிகள் புகைத்துகளையும் சுமந்துகொண்டு கீழே இறங்கித் தண்ணீரோடு சேர்ந்துவிடுகின்றன. இன்னொரு தீக்குச்சிப் புகை விட்டால் பழையபடி அடர்த்தியாக வரும். கூலியே கவனித்ததும் இதையேதான்.

அமுக்கம் குறைந்தால் காற்று விரியும், விரிந்தால் குளிரும். இதை வெறுமனே சொன்னால் பிள்ளை நம்பாது. எங்கள் ஊரில் அதற்குச் சாட்சி எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. கீழேயிருந்து வந்த சிப்ஸ் பாக்கெட் இங்கே புஸ்ஸென்று உப்பி, வெடித்துவிடும் போல இருக்கும். வத்தலகுண்டில் வாங்கியது மலை ஏற ஏற உப்புவதைப் பஸ்ஸில் பார்த்த பிள்ளைகள் நிறையப் பேர். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று விரிகிறது. அதே மாதிரிதான் பெரியகுளம் பக்கம் வெயிலில் சூடாகி மலைச்சரிவில் ஏறும் காற்றும் விரிகிறது. ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி குளிர்கிறது. ஏறி வரும் வழியில் எங்கேயோ ஓர் உயரத்தில் மருந்து மூடி நிரம்பி வழியத் தொடங்கும். கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு அது மேகம், அந்த உயரத்தில் வீடு கட்டியிருக்கும் நமக்கு அது மூடுபனி. வத்தலகுண்டு ரோட்டில் பஸ் ஏறும்போது, மேலே தெரிந்த மேகத்துக்குள்ளேயே ஒரு வளைவில் நுழைவது இதனால்தான்.

"அப்ப டேம் பக்கத்துலேருந்துதான் வருது" என்று கோக்கர்ஸ் வாக் பாப்பா எழுந்து நின்றாள். அவளுக்கு முழு மார்க்.

காலை நேரத்தில் ஏரி மேல் நிற்பது வேறு வகை. மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத இரவுகளில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு வெகுவாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த கனமான காற்று சரிவுகளில் வழிந்து ஏரிப் பள்ளத்தில் தேங்கும். ஏரித் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதன் மேலிருந்து எழும் ஆவி அந்தக் குளிர்க்காற்றில் பட்டதும் வெள்ளையாகும். இதை விளக்கத் தனிச் செய்முறை எதுவும் தேவைப்படவில்லை. கெட்டிலில் பார்த்ததை நினைவூட்டினால் போதும். இரவில் தரை குளிர்வதைக் காட்ட மட்டும் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்து, ஒன்றைத் திறந்த முற்றத்திலும் மற்றதைத் திண்ணைக் கூரைக்கு அடியிலும் இரவு முழுக்க வைக்கச் சொன்னேன். காலையில் முற்றத்துத் தட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, கூரைக்கு அடியில் இருந்தது காய்ந்தே கிடந்தது.

ஒரு ஸ்பூன் தண்ணீர்

"மூட்டத்துல எவ்வளவு தண்ணி இருக்கும்?" என்று கேட்டேன். குடம், அண்டா, டேங்க் என்று ஏலம் ஏறிக்கொண்டே போனது. நல்ல அடர்த்தியான மூட்டத்திலும் நம் செய்தித்தாள் கூண்டளவு காற்றில் துளியாக இருப்பது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான். எங்கள் படிப்பக அறை பத்தடிக்குப் பத்தடி, உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. 28 கன மீட்டர் வரும். ஆக அறை முழுவதும் அப்படிப்பட்ட மூட்டம் நிரம்பினாலும் மொத்தத் தண்ணீர் ஒரு டீஸ்பூன். ஸ்பூனில் தண்ணீர் எடுத்து அறை நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் நம்பவில்லை. இத்தனை கொஞ்சம் தண்ணீர் எப்படி எதிர்வீட்டை மறைக்கும்? துளி அத்தனை பொடியாக இருப்பதால் எண்ணிக்கை கணக்கில் அடங்காது, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு வெளிச்சத்தைத் திசை திருப்புகிறது. அந்தப் பொடித் துளி விழும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே. கையை மெல்ல இறக்கி அந்த வேகத்தைக் காட்டினேன். மேலே எழும் லேசான காற்று போதும், அது விழாமல் மிதந்துகொண்டே இருக்கும்.

டார்ச்சை வைத்து இன்னொரு சோதனை. நல்ல மூட்டம் இறங்கிய மாலையில் வாசலில் நின்று டார்ச்சைக் கண் உயரத்தில் பிடித்து நேராக அடித்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். முழங்கால் உயரத்துக்கு இறக்கித் தரையைப் பார்த்து அடித்தால் பாதை தெரியும். நேராக அடித்த வெளிச்சம் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஜீப் ஓட்டும் அப்பாக்கள் மூட்டத்தில் ஹை பீம் போடாததன் காரணம் அன்றைக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

எவ்வளவு அடர்த்தி என்பதைப் பிள்ளைகளே அளந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தால் மூடுபனி, அதற்கு மேல் தெரிந்தாலும் மங்கலாக இருந்தால் லேசான பனிமூட்டம். வானிலைக்காரர்களின் கணக்கு இது. படிப்பக வாசலிலிருந்து தெரியும் பொருள்களை வரிசைப்படுத்தினோம்: கம்பிவேலி, டீக்கடை போர்டு, தண்ணீர்த் தொட்டி, யூகலிப்டஸ் தோப்பு, எதிர்மலை. எது கடைசியாகத் தெரிகிறதோ அதன் படத்தைக் காலண்டரில் அந்தத் தேதியில் ஒட்டுவது. எண் தெரியாத யூகேஜிப் பிள்ளையும் இதைச் செய்யும்.

வலை

மழையே இல்லாத நாளில் மூட்டம் இறங்கும்போது பைன் மரத்துக்கு அடியில் போய் நின்றால் மேலே சொட்டும், பக்கத்து ரோடு காய்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு இது தெரியும், காரணத்தைத்தான் யோசித்ததில்லை. மிதந்து வரும் துளிகள் ஊசியிலைகளில் மோதி ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து விழுகின்றன. சோலைக்காடுகளின் பாசி படர்ந்த கிளைகளும் இப்படித்தான் மூட்டத்தைத் தண்ணீராக்கி மண்ணில் இறக்குகின்றன. இந்த மலையில் சோலையை ஏன் வெட்டக் கூடாது என்பதற்குப் பிள்ளை தன் உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கக்கூடிய காரணம் இது. மற்ற எல்லாவற்றையும்விட இதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிலி நாட்டில் மழையே அரிதான கரையோரத்தில் சுங்குங்கோ என்றொரு மீனவ கிராமம். பக்கத்து மலையில் வலைகளைக் கட்டி, கடலிலிருந்து வரும் மூட்டத்தைப் பிடித்து, 1992 முதல் சில ஆண்டுகள் ஊருக்கே குழாயில் தண்ணீர் கொடுத்தார்கள். சராசரியாக நாளொன்றுக்கு 15,000 லிட்டர். அந்த வலை நம் நர்சரிகளில் நிழலுக்குக் கட்டும் ஷேட் நெட் மாதிரிதான்.

நாங்களும் ஒரு மீட்டர் சதுரத்துக்கு ஷேட் நெட்டை இரண்டு அடுக்காக மடித்து, இரண்டு கம்புகளுக்கு நடுவில் கட்டி, மூட்டம் ஏறி வரும் பக்கத்துக்குக் குறுக்கே படிப்பக முற்றத்தில் நிறுத்தினோம். கீழே நீளவாக்கில் பிளந்த பிவிசி பைப், அதன் நுனியில் பாட்டில். ஒரே அடுக்கில் துளிகள் கண்ணியிலேயே தங்கி நிற்கும். இரண்டு அடுக்கும் காற்றில் ஒன்றோடொன்று உரசினால்தான் வழிந்து இறங்கும். வலை தொய்யாமல் இழுத்துக் கட்ட வேண்டும், சுவரை ஒட்டிக் கட்டினால் காற்று வழி மாறிப்போய்விடும். வலையில் தூசும் சேரும் என்பதால் அந்தத் தண்ணீர் செடிக்கு மட்டும், குடிக்க அல்ல.

மழையும் அந்தப் பாட்டிலில் சேர்ந்துவிடும் அல்லவா என்று கேட்டது முதல் பாட்டிலையும் மூன்றாவது பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்த அதே பையன். அதனால் பக்கத்திலேயே வலை இல்லாமல் ஒரு பாட்டிலும் புனலும் வைத்திருக்கிறோம். அதில் தண்ணீர் விழுந்தால் அன்றைக்கு மழை பெய்திருக்கிறது, வலைப் பாட்டிலின் அளவை எழுதக் கூடாது. புனல் பாட்டில் காய்ந்திருக்கும் நாளில் மட்டும் அளந்து காலண்டரில் எழுதுவது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பொறுப்பு.